உறவின்முறைச் சங்கத்துக்குத் தரும நிறுவனத் தகுதி தரலாமா?

மண்டிக்கடை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டத்தில் ஒரு சிறிய வணிக ஊரிலுள்ள உறவின்முறைச் சங்கத்துக்கு, அதாவது ஒரே சாதியைச் சேர்ந்த ஊர்க் குடும்பங்கள் கூடி நடத்தும் சங்கத்துக்கு, மூன்றாண்டுகளாகப் பொருளாளராக இருக்கிறேன். ஊரையும் சங்கத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிட விரும்பவில்லை. கேள்வியும் ஒரே ஒரு சங்கத்தைப் பற்றியதன்று. எங்கள் சங்கம் 1979இல் பதிவானது. தலைக்கட்டுக்கு, அதாவது குடும்பத்துக்கு இவ்வளவு என்ற ஆண்டு வரி, கடைக்காரர்களிடமிருந்து மூட்டைக் கணக்கில் பொதுநிதியாக வாங்கும் மகமை, ஒரு கல்யாண மண்டபத்தின் வாடகை, பேருந்து நிலையத்துக்கு எதிரே நான்கு கடைகளின் வாடகை ஆகியவையே வரவு. செலவு என்றால் அம்மன் கோயில் பொங்கல், பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி, மருத்துவ உதவி, ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அன்று மாலைக்குள் கொண்டுபோய்க் கொடுக்கும் பத்தாயிரம் ரூபாய். நிர்வாகிகள் எவரும் ஒரு காப்பிச் செலவைக்கூடச் சங்கக் கணக்கில் எழுதுவதில்லை.

இந்த ஆண்டுத் தணிக்கையின்போது, மண்டப வாடகைக்கும் கடை வாடகைக்கும் வருமான வரி கட்டியே தீர வேண்டும் என்றும், துணை விதிகளின் மூன்றாம் பிரிவில் ‘நம் உறவின்முறையைச் சேர்ந்தவர்களின் நலனுக்காக’ என்ற சொற்கள் இருக்கும்வரை தரும நிறுவனமாக வரிவிலக்குப் பெறுவதற்கான 12ஏபி பதிவுக்கு விண்ணப்பித்துப் பயனில்லை என்றும் ஆடிட்டர் சொல்லிவிட்டார். ஏழைப் பிள்ளைக்குப் படிப்பும் நோயாளிக்கு மருந்தும் கொடுப்பது தருமம் என்றால், வாங்குபவர் எங்களுக்கு உறவு என்பதால் மட்டும் அது எப்படித் தருமம் அல்லாமல் போகும்? சாதி, தொழில், ஊர் என எதன் பெயரில் கூடிய சங்கமானாலும், உறுப்பினர்களுக்குள் கைகொடுத்துக்கொள்ளும் அமைப்புகளுக்கு அரசு இந்தத் தகுதியைத் தர வேண்டும் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கலாம்.

கீழத்தெரு எழுதியது:

காரணத்தோடே மறுக்கிறேன். உங்கள் சங்கம் செய்வது நல்ல காரியம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தம்பி மகளின் கல்யாணத்துக்குப் பணம் கொடுப்பதும் நல்ல காரியம்தான். அதற்காக யாரும் வரிவிலக்குக் கேட்பதில்லை. ஒருவர் கட்டாமல் விட்ட வரியை மற்றவர்கள் கட்டுகிறார்கள், அல்லது அந்த வரியில் வந்திருக்க வேண்டிய பள்ளிக்கூடமோ சாலையோ வராமல் போகிறது. ஆகவே வரிவிலக்குப் பெற்ற அமைப்பு தன் பணத்தோடு ஊர்ப் பணத்தையும் சேர்த்தே செலவழிக்கிறது. ஊர்ப் பணத்தில் பங்கு கேட்பவர் ஊராருக்கும் வாசலைத் திறந்து வைக்க வேண்டும்.

என் அப்பா ஒரு மண்டியில் மூட்டை தூக்கினார். மூட்டைக் கணக்கில் மகமை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும், அந்த மண்டியின் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய சிவப்பு அட்டை நோட்டு நினைவுக்கு வந்தது. லாரியிலிருந்து மல்லி மூட்டைகளை அவர் இறக்கி அடுக்க அடுக்க, கணக்கப்பிள்ளை அதில் கோடு போட்டுக்கொண்டே வருவார். நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. அப்பாவின் கூலிக்கும் அந்தக் கோடுதான் கணக்கு, சங்கத்தின் மகமைக்கும் அந்தக் கோடுதான் கணக்கு. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தபோது முதலாளியே அன்போடு சங்கத்தின் உதவித்தொகை விண்ணப்பத்தை வாங்கிவந்து கொடுத்தார். மாணவர் பெயர், தந்தை பெயர், அதற்கடுத்த மூன்றாவது கட்டம் ‘தலைக்கட்டு எண்’. எங்களுக்கு ஏது தலைக்கட்டு எண்? முதலாளியும் அதுவரை அதைக் கவனித்திருக்கவில்லை. சற்று நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர்மீது எனக்கு இன்றும் வருத்தமில்லை. அந்தச் சங்கம் தன் பணத்தைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்தது. அது அதன் உரிமை. ஆனால் அதற்கு வரிவிலக்கும் சேர்ந்திருந்தால், அந்த மூன்றாவது கட்டத்துக்கு நாங்களும் காசு கொடுத்தவர்கள் ஆகியிருப்போம்.

தணிக்கைத்தாள் எழுதியது:

இத்தகைய சங்கங்களின் கணக்குகளைத் தொழிலாகப் பார்ப்பவன் என்பதால், சட்டம் எங்கே நிற்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் பிரிவு எண்களையே சொல்கிறேன். 2025இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் எண்களை எல்லாம் மாற்றிவிட்டது என்றாலும் எங்கள் வாயில் பழைய எண்களே வருகின்றன.

தரும நோக்கம் எது என்பதைப் பிரிவு 2(15) வரையறுக்கிறது. ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம் போன்றவை அதில் பெயர் சொல்லியே இடம்பெறுகின்றன. கடைசியில் ‘பொதுமக்களுக்குப் பயன்படும் வேறு நோக்கம்’ என்று ஓர் அகன்ற வாசலும் இருக்கிறது. இந்தப் ‘பொதுமக்கள்’ யார் என்ற கேள்வி அகமதாபாத் ராணா சாதிச் சங்க வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. பயன் மனிதகுலம் முழுமைக்கும் போய்ச் சேர வேண்டியதில்லை, பொதுமக்களில் ஒரு பகுதிக்குப் போனாலே போதும், ஆனால் அந்தப் பகுதி தனிமனிதர்களுக்கிடையிலான உறவால் அல்லாமல் ஒரு பொதுத்தன்மையால் அடையாளம் காணப்படுவதாக இருக்க வேண்டும் என்று 1971இல் கூறி, நீதிமன்றம் அந்தச் சாதிச் சங்கத்தைத் தரும நிறுவனமாகவே ஏற்றுக்கொண்டது. எனவே மண்டிக்கடை அவர்களின் கட்சிக்கு உச்ச நீதிமன்றத்தின் துணை உண்டு.

நாடாளுமன்றத்தின் துணைதான் இல்லை. பிரிவு 13(1)(பி)இன்படி, அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1962 ஏப்ரல் 1க்குப் பிறகு தோன்றிய தரும அமைப்பு, குறிப்பிட்ட ஒரு மதச் சமூகத்துக்காகவோ சாதிக்காகவோ ஏற்பட்டதாக இருந்தால் அதன் வருமானத்துக்கு விலக்கு இல்லை. அதற்கு முன் தோன்றியவை இந்தப் பிடியிலிருந்து தப்பின. ஒரே சாதியின் இரண்டு சங்கங்கள் ஒரே வேலையைச் செய்யும். 1955இல் பிறந்தது விலக்குப் பெறும், 1979இல் பிறந்தது பெறாது. இதில் தருமத்தைவிடப் பிறந்த தேதியே பெரிதாக இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நன்கொடை கொடுப்பவருக்குக் கழிவு தரும் 80ஜியில் இந்தத் தேதிச் சலுகையும் கிடையாது. சாதிக்கென்று அமைந்த நிறுவனம் எந்த ஆண்டில் தோன்றியிருந்தாலும் அதற்குத் தகுதி பெறாது.

தரும நிறுவனம் ஆகாமலேயே உங்களுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. உறுப்பினர்கள் போட்ட பணம் உறுப்பினர்களுக்கே திரும்பும்போது அங்கே வருமானம் என்று ஒன்று தோன்றுவதே இல்லை. இதைப் பரஸ்பரக் கொள்கை என்பார்கள். தலைக்கட்டு வரியும் அதிலிருந்து கொடுக்கும் சாவுச் செலவும் இந்தக் கணக்கில் வரும். வெளியாரிடம் வாங்கும் கடை வாடகை வராது. பெங்களூர் கிளப் வழக்கில், தன் உறுப்பினர்களாகவே உள்ள வங்கிகளில் போட்ட வைப்புத்தொகைக்கு வந்த வட்டிக்குக்கூட இந்தக் கொள்கை பொருந்தாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பணம் வங்கிக்குள் போய் வெளியாருக்குக் கடனாகச் சென்ற நிமிடமே அந்த வட்டம் உடைந்துவிடுகிறது.

ஓலைச்சுவடி எழுதியது:

சட்டம் சரி. ஆனால் இந்தச் சங்கங்கள் ஏன் தோன்றின என்பதை விட்டுவிட்டுப் பேசினால் விவாதம் ஒற்றைக்காலில் நிற்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் விருதுநகர், சிவகாசி, திருமங்கலம், அருப்புக்கோட்டை போன்ற ஊர்களில் நாடார் வணிகர்கள் பேட்டை என்ற மதில் சூழ்ந்த வளாகங்களை வைத்திருந்தார்கள். வண்டிமாட்டோடு சரக்குக் கொண்டுவருபவர் இரவில் பயமின்றித் தங்கவும் சரக்கை விற்கவும் ஏற்பட்டவை அவை. பேட்டையைப் பராமரிக்க வணிகத்தின் அளவுக்கேற்ப வசூலித்த பொதுநிதிதான் மகமை. அந்த நிதி பிறகு கிணறாயிற்று, கோயிலாயிற்று, பள்ளிக்கூடமாயிற்று. விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை 1889இல் தோன்றியது; காமராசர் படித்த பள்ளி அது. அதே காலத்தில் அந்தச் சமூகம் பொது இடங்களில் எப்படி நடத்தப்பட்டது? 1897இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் சிலர் நுழைந்தார்கள். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போயிற்று, அவர்களுக்கு அந்தக் கோயிலுக்குள் செல்ல உரிமை இல்லை என்று 1908இல் முடிந்தது. இடையில் 1899இல் சாதிக் கலவரத்தில் சிவகாசி பற்றியெரிந்தது. நாடார் மகாஜன சங்கம் 1910இல் தோன்றியது இந்தப் பின்னணியில்.

‘பொது’ என்று பெயர் வைத்திருந்த எல்லாக் கதவும் மூடியிருந்தபோது, தங்களுக்குள் கூடித் தங்கள் காசில் ஒரு கதவைச் செய்துகொண்டவர்களைப் பார்த்து, ‘உங்கள் கதவு பொதுவாக இல்லையே’ என்று கேட்பதில் நியாயம் குறைகிறது. சட்டமும் இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்ட வகுப்பினர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கான அமைப்பைச் சாதிக்கான அமைப்பாகக் கருதக் கூடாது என்று 13ஆம் பிரிவிலேயே ஒரு விளக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டில் உறவின்முறை நடத்தும் பல சமூகங்கள் அரசின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பவைதான். மண்டிக்கடை அவர்களின் ஆடிட்டர் அந்த விளக்கத்தைப் படித்துக் காட்டினாரா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

கீழத்தெரு எழுதியது:

ஓலைச்சுவடி அவர்கள் சொன்ன வரலாற்றில் ஒரு வரியையும் நான் மறுக்கவில்லை. மறுப்பது அதிலிருந்து அவர் வந்து சேரும் இடத்தை. 1908இல் மூடிய கதவுக்கு வெளியே நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பேருந்து நிலையத்துக்கு எதிரே நான்கு கடைகளை வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான், பொறாமை கிடையாது. ஆனால் அவர்களுடைய மண்டியில் மூட்டை தூக்குபவரின் பிள்ளைக்கு இன்று மூடிய கதவு எது? தாத்தா பட்ட அவமானம் பேரனுக்கு நினைவாக இருக்கலாம்; வரிச்சலுகையாக இருக்கலாமா?

அந்தச் சட்ட விளக்கத்தையும் எடுத்துப் படித்தேன். அது ‘பிற்படுத்தப்பட்ட வகுப்புகள்’ என்று பன்மையில் பேசுகிறது. பிற்படுத்தப்பட்ட மாணவர் எவருக்கும் உதவுவேன் என்று சொல்லும் அமைப்பைக் காப்பாற்ற வந்த விளக்கத்தை, பட்டியலிலுள்ள நூற்றுக்கு மேற்பட்ட சமூகங்களில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் உதவுவேன், பக்கத்துத் தெருவிலிருக்கும் அதே பட்டியலைச் சேர்ந்த இன்னொருவருக்கு உதவமாட்டேன் என்று சொல்லும் அமைப்புக்குக் குடையாகப் பிடிப்பது எப்படிச் சரியாகும்?

நெறியாளர்:

குறிப்பிட்ட சாதிகளின் பெருமை, சிறுமை பற்றி எழுதப்பட்ட இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. தலைப்பு தரும நிறுவனத் தகுதி பற்றியது.

தேம்ஸ்கரை எழுதியது:

இந்தக் கேள்வி சாதிச் சங்கங்களுக்கு மட்டும் உரியதன்று என்று மண்டிக்கடை அவர்கள் தொடக்கத்திலேயே சொல்லியிருப்பதால், நான் வாழும் இங்கிலாந்தில் இது எப்படித் தீர்ந்தது என்று சொல்கிறேன். இங்கே சாதியின் இடத்தில், தங்களுக்கென்று சடங்குகள் வைத்துக்கொண்டு கூடும் ஃப்ரீமேசன் என்ற சகோதரச் சங்கங்களையும், நிறுவன ஊழியர் நிதிகளையும் வைத்துப் பார்க்கலாம்.

பிரிட்டிஷ் அமெரிக்கன் டொபாக்கோ நிறுவனத்தின் ஊழியர்களுடைய பிள்ளைகளின் கல்விக்காக ஓர் அறக்கட்டளை இருந்தது. ஊழியர்கள் 1,10,000 பேருக்கு மேல். ஒரு சிறு மாவட்டத்தின் மக்கள்தொகை. ஆயினும் 1951இல், அப்போது இங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை அதைத் தரும அறக்கட்டளையாக ஏற்க மறுத்தது. எத்தனை பேர் என்பது கேள்வியன்று, அவர்களைச் சேர்த்துக் கட்டும் கயிறு எது என்பதே கேள்வி. அந்தக் கயிறு ஒரே முதலாளி என்ற தனிப்பட்ட தொடர்பாக இருந்தால் அவர்கள் பொதுமக்களில் ஒரு பகுதி ஆகமாட்டார்கள் என்றார்கள். தணிக்கைத்தாள் அவர்கள் சொன்ன ராணா வழக்கிலும் ஏறத்தாழ இதே அளவுகோல்தான். ஆனால் அங்கே சாதி பொதுத்தன்மை ஆகிவிட்டது, இங்கே முதலாளி தனித்தொடர்பு ஆகிவிட்டார். பிறப்பால் மட்டுமே நுழையக்கூடிய ஒன்று பொதுத்தன்மையாகவும், நாளை யாரும் வேலைக்குச் சேர்ந்து பெறக்கூடிய ஒன்று தனித்தொடர்பாகவும் எப்படி ஆயின என்பது எனக்கு விளங்காத புதிர்.

இதில் ஏழைகளுக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு. ஒரு நிறுவனத்தின் ஏழை ஊழியர்களுக்கான நிதி தருமம்தான் என்று 1972இல் டிங்கிள் எதிர் டர்னர் வழக்கில் அதே சபை கூறியது. உறவினருள் ஏழைகளுக்கு எழுதிவைத்த சொத்தைத் தருமமாக ஏற்பது இங்கே பதினெட்டாம் நூற்றாண்டிலிருந்தே வரும் வழக்கம். அதாவது உறவுக்குள் கல்வி கொடுத்தால் தருமம் இல்லை, உறவுக்குள் பசியாற்றினால் தருமம்.

ஃப்ரீமேசன்களின் இங்கிலாந்துத் தலைமை அமைப்பு, தன் முக்கிய நோக்கம் மதத்தை வளர்ப்பது என்று வாதிட்டு உள்ளாட்சி வரிச்சலுகை கேட்டுப் பார்த்தது. 1957இல் நீதிமன்றம் ஏற்கவில்லை. அவர்கள் செய்த ஏற்பாடு என்னவென்றால், சடங்குக்கும் விருந்துக்கும் தலைமை அமைப்பு, உதவிக்குத் தனித் தரும நிறுவனம். பழைய நான்கு தரும நிதிகளை இணைத்து 2016இல் ஒன்றாக்கிய அந்த நிறுவனம் பதிவுபெற்ற தரும அமைப்பாக இயங்குகிறது. தலைமை அமைப்பு அப்படி அன்று.

அமெரிக்கர்கள் வேறு வழியில் போனார்கள். லாட்ஜ் என்ற உள்ளூர்க் கிளைகளாக இயங்கும் சகோதரச் சங்கங்களுக்கென்றே அவர்களின் வரிச் சட்டத்தில் 501(சி)(8), 501(சி)(10) என்று தனி வகைகள் உண்டு. சங்கத்தின் வருமானத்துக்கு வரி இல்லை; ஆனால் அதற்குக் கொடுக்கும் நன்கொடை தரும காரியத்துக்கு மட்டுமே பயன்பட்டால்தான் கொடுத்தவருக்குக் கழிவு. எல்க்ஸ் என்ற சங்கத்தின் கிளை ஒன்று ஒரு கறுப்பினத்தவரை உறுப்பினராக்க மறுத்தபோது, 1972இல் மெக்ளாட்டன் எதிர் கானலி வழக்கில் வாஷிங்டன் நீதிமன்றம் ஒரு கூர்மையான கோடு கிழித்தது. உறுப்பினர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட பணத்துக்கு மட்டும் வரி இல்லை என்றால் அது சலுகை ஆகாது. முதலீட்டு வருமானத்துக்கும் வரி இல்லை, நன்கொடைக்கும் கழிவு உண்டு என்றால் அது அரசு கொடுக்கும் உதவி. நிறத்தைப் பார்த்து ஆளை ஒதுக்கும் அமைப்புக்கு அந்த உதவி செல்லாது. கீழத்தெரு அவர்கள் ஊர்ப் பணம் என்று சொன்னதும், தணிக்கைத்தாள் அவர்கள் பரஸ்பரக் கொள்கை என்று சொன்னதும் அந்த ஒரே தீர்ப்புக்குள் அடுத்தடுத்து நிற்கின்றன.

மண்டிக்கடை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு படித்த பிறகும் என் மனத்தில் ஒரு முள் அப்படியே இருக்கிறது. 13(1)(பி) தரும நோக்கம் கொண்ட அமைப்புகளைத்தான் பிடிக்கிறது. முழுக்க மத நோக்கம் கொண்ட பொது அமைப்பு ஒரே மதத்தாருக்கு உரியதாக இருந்தாலும் அதன் விலக்குக்கு இடையூறு இல்லை என்று ஆடிட்டர் சொல்கிறார். அப்படியானால் எங்கள் சங்கம் அம்மனுக்குப் பட்டுச் சாத்தினால் சட்டம் முகம் சுளிக்காது, அதே பணத்தில் எங்கள் தெருப் பையனுக்குப் பாலிடெக்னிக் கட்டணம் கட்டினால் முகம் சுளிக்கும். மதம் என்ற பெயரில் குறுகியிருப்பதைச் சகிக்கும் சட்டம், உதவி என்ற பெயரில் குறுகியிருப்பதை மட்டும் ஏன் சகிப்பதில்லை?

இன்னொன்றும் உண்டு. கீழத்தெரு அவர்களின் அப்பாவைப் பற்றிப் படித்த அன்று இரவு தூக்கம் வரவில்லை. எங்கள் சங்கத்தின் விண்ணப்பத்தை மறுநாள் எடுத்துப் பார்த்தேன். எங்களுடையதில் தலைக்கட்டு எண் மூன்றாவது கட்டம் இல்லை, முதல் கட்டம். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். மகமை எழுதுபவர் ஏன் எழுதுகிறார்? தன் பிள்ளை, தன் பங்காளி பிள்ளை, தன் சம்பந்தி வீட்டுப் பிள்ளை என்ற ஒட்டுதலால்தான். அந்த ஒட்டுதலை எடுத்துவிட்டால் ‘பொதுமக்கள்’ என்ற சொல்லுக்காக மூட்டைக்கு எத்தனை பேர் காசு எழுதுவார்கள்?

தணிக்கைத்தாள் எழுதியது:

முள் நியாயமானது. மதத்தை விட்டுவிட்டுத் தருமத்தை மட்டும் பிடித்ததில் நாடாளுமன்றத்தின் தர்க்கம் இடறுகிறது என்பதே என் கருத்தும். ஆனால் ஒரு சட்டம் ஓரிடத்தில் தாராளமாக இருந்துவிட்டது என்பதற்காக எல்லா இடத்திலும் அப்படியே இருக்க வேண்டும் என்று கேட்பது, பக்கத்து வீட்டுக்காரர் குப்பையைத் தெருவில் கொட்டுகிறார், நானும் கொட்டுகிறேன் என்பது போல.

பிற்படுத்தப்பட்டோர் விளக்கத்தை நம்பி ஒற்றைச் சமூகச் சங்கத்தைப் பதிவு செய்யலாமா என்று ஓலைச்சுவடி அவர்கள் கேட்டதற்கு: வாதாடலாம், ஆனால் வழக்குக்கும் தயாராக இருக்க வேண்டும். 2022க்குப் பிறகு ஆபத்து கூடியிருக்கிறது. 1962க்குப் பின் தோன்றிய தரும அமைப்பு தன் வருமானத்தில் ஏதேனும் ஒரு பகுதியைக் குறிப்பிட்ட சாதிக்கோ மதச் சமூகத்துக்கோ செலவிட்டிருந்தால், அதைக் குறிப்பிட்ட விதிமீறலாகக் கொண்டு பதிவையே ரத்து செய்யும் அதிகாரம் இப்போது ஆணையருக்கு உண்டு. ஆகவே மூன்றாம் பிரிவிலிருந்து நான்கு சொற்களை அடித்துவிட்டுப் பழையபடியே கொடுத்துக்கொண்டிருந்தால் தப்பிவிடலாம் என்று எண்ண வேண்டாம். சென்ற மூன்றாண்டில் உதவித்தொகை பெற்றவர்களின் பட்டியலைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஓலைச்சுவடி எழுதியது:

பட்டியலைக் கேட்கட்டும். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அரசாங்கப் பள்ளி இல்லாத ஊரில் பள்ளி நடத்திய உறவின்முறைகள் பின்னாளில் எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தாமலே எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டன. விருதுநகரில் 1947இல் தொடங்கிய கல்லூரியின் பெயரில் இன்றும் சமூகப் பெயர் இருக்கிறது. வகுப்பறைக்குள் எல்லாச் சமூகத்தவரும் இருக்கிறார்கள். முதலில் குறுகிய வட்டத்தில் ஊன்றி, வலுத்த பிறகு விரிந்த அமைப்புகள் இவை. முதல் நாளே விரிந்திரு என்று சொல்லும் சட்டம் இவற்றில் பாதியை முளையிலேயே கிள்ளியிருக்கும்.

கீழத்தெரு எழுதியது:

அவை வரிவிலக்கு என்ற சொல்லைக் கேள்விப்படுவதற்கு முன்பே ஊன்றியவை அல்லவா? மகமை நோட்டுத்தான் அவற்றை வளர்த்தது. சலுகை இல்லாமலும் வளரும் என்பதற்கு நீங்களே சாட்சி சொல்லிவிட்டீர்கள். நான் கேட்பது வளராதீர்கள் என்பதன்று; விரியும் அன்று வந்து விலக்கைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்பதுதான்.

மண்டிக்கடை எழுதியது (பதினாறு நாட்களுக்குப் பின்):

நிர்வாகக்குழுவில் பேசினோம். சங்கம் சங்கமாகவே இருக்கட்டும். தலைக்கட்டு வரி, சாவுச் செலவு, கோயில் பொங்கல் எல்லாம் பழையபடி, வாடகைக்கு வரியும் கட்டிவிடுவது. அந்த வாடகையில் ஒரு பங்கைக் கொண்டு கல்விக்கு மட்டும் தனி அறக்கட்டளை, ஊரிலுள்ள மூன்று அரசுப் பள்ளிகளில் படித்த எந்தப் பிள்ளைக்கும் உரியதாக. இதைச் சொன்னதும் எண்பதைக் கடந்த முன்னாள் தலைவர், ‘எங்கள் அப்பா தலையில் சுமந்து சேர்த்த காசு’ என்று ஆரம்பித்தார். ‘ஐயா, அதை இறக்கி வைத்தவர்கள் யார்?’ என்று நான் கேட்டுவிட்டேன். கூட்டத்தில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவரே, அறங்காவலர் ஐவரில் மூவர் சங்கத்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். ஆனி மாதப் பொதுக்குழுவில் நிறைவேறுமா என்பது சந்தேகந்தான். மகமையைக் குறைக்க வேண்டும் என்று இப்போதே இருவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

கீழத்தெரு எழுதியது:

நல்ல தொடக்கம் என்று மனமார எழுதுகிறேன். மூன்றுக்கு இரண்டு என்ற கணக்குத்தான் உறுத்துகிறது. விண்ணப்பத்தில் தலைக்கட்டு எண் என்ற கட்டம் இல்லாவிட்டாலும், மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குப் பையனின் அப்பா யார் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும் சிற்றூர் இது. விண்ணப்பங்களில் பெயரை மறைத்து எண் கொடுத்துவிட்டுத் தேர்வு செய்ய முடியுமா?

தணிக்கைத்தாள் எழுதியது:

முடியும், அதை அறக்கட்டளைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். அறங்காவலரின் உறவினருக்குப் பயன் போனால் 13(1)(சி) வேறு குறுக்கே வரும் என்பதையும் நினைவில் வைக்கவும். உறவின்முறையில் எல்லாரும் எல்லாருக்கும் மாமன் மச்சான்தான். நல்லவேளையாகச் சட்டத்தில் ‘உறவினர்’ என்பவர்களின் பட்டியல் அவ்வளவு நீளமில்லை. பத்திரத்தின் வரைவை அனுப்பினால், பதிவாளரிடம் போகுமுன் பார்த்துத் தருகிறேன்.